வாசலில் விட்ட செருப்பு

இடது முட்டி விடியும் முன்பே விழித்துக்கொண்டது. பொன்னுரங்கம் பாயில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு கைப்பிடி மணலைப் போட்டு யாரோ நிதானமாக அரைக்கிற மாதிரி வலி.

வலது கால் நல்ல கால். இடதுதான் கெட்டது. கன்டெய்னர் டிரெய்லரின் கிளட்சை முப்பது வருஷம் மிதித்த கால் அது. ஹார்பர் கேட்டுக்குப் போகிற வரிசையில் வண்டி ஒரு முழம் நகர ஒரு மிதி, நிற்க ஒரு மிதி. ஜவ்வு தேய்ந்துபோய், "இனிமே கிளட்ச் பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் சொன்ன பிறகு வண்டியை விட்டு இறங்கினார். அவர் வேலையை விட்டுவிட்டார். வலி மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

"இன்னாய்யா, தைலம் தடவட்டா?" அடுப்படியிலிருந்து பவானி கேட்டாள்.

"வாணாம். தைல நாத்தத்தோட போனா புது வண்டியத் தொட வுடமாட்டானுங்க."

"அதுவும் சரிதான். மாப்ள கணக்கா பவுடரு போட்டுகினு வா."

இன்றைக்கு இரண்டாவது வண்டியைப் பார்க்கிற நாள்.

வண்டிப் பேச்சு அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மருமகள் சுஜாவுக்கு ஏழாம் மாசம். மழை ஊற்றிய ஒரு சாயங்காலம் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. மகன் அன்பரசன் எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அன்றைக்கு ஷிப்டில் இருந்தான். எர்ணாவூர் என்றதும் கூப்பிட்ட டாக்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் பக்கத்துத் தெரு மீன் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சுஜாவை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சூட்டு வலிதான், பயமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்த அன்பரசன் மனைவியின் புடவையில் இருந்த மீன் வாடையை முகர்ந்துவிட்டு, "பிரசவத்துக்கு முன்னாடி இந்த வூட்டு வாசல்ல வண்டி நிக்கும்" என்று சொல்லிவிட்டான்.

அதோடு ஆரம்பித்தது தகராறு.

செல்போனில் ஊரில் உள்ள வண்டி வீடியோவையெல்லாம் பார்த்து, அன்பரசன் இரண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஒன்று வெள்ளை. ஏழு பேர் உட்காரலாம், உயரமான வண்டி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் உள்ளே வராது, கிளட்ச் உண்டு. இன்னொன்று நீலம். ஐந்து பேருக்குத்தான் இடம், ஆனால் கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலையில் வித்தியாசம் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது, குறைந்ததை வாங்கியிருப்பார்கள்.

"வெள்ளைதான் நைனா. நாளைக்குக் கொழந்த பொறந்தா தொட்டிலு, பை, சுஜா ஊருக்குப் போறதுன்னா மூட்டை முடிச்சு, எல்லாம் ஒரே வண்டில."

"நீலத்துல கிளட்ச் இல்லடா."

"எனக்கு இன்னா கிளட்ச் மிதிக்க வராதா?"

"எனக்குச் சொல்றேன்."

"நீ எதுக்கு ஓட்டணும்? ஓட்டுன வரைக்கும் போதும். பின்னாடி ராஜா மாதிரி குந்திகினு வா."

அவன் பாசத்தில்தான் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனபோது ராஜாவைக் கடைசி வரிசையில் குந்தவைத்தார்கள். முட்டி இரண்டும் தாடையை இடித்தன.

ஷோரூம் விம்கோ நகர் மெட்ரோவைத் தாண்டி இருந்தது. நீல வண்டி வாசலில் தயாராக நின்றது. கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னத் என்ற பெண் வரவேற்றாள்.

"வாங்க சார், வாங்க மேடம். வண்டியோட அம்சங்களை விளக்கிச் சொல்லட்டுங்களா?"

"நீ எந்த ஏரியாம்மா?" என்றாள் பவானி.

"ராயபுரம், மேடம்."

"அப்ப எதுக்கு டிவி நூஸ் மாதிரி பேசிகினு கீற? சும்மா சொல்லு."

ஜன்னத் சிரித்துவிட்டாள். "சோக்கான வண்டிம்மா. காலுக்கு வேலையே இல்ல. ரெண்டே பெடல். ரெண்டையும் வலது கால்ல மிதிக்கணும். லெஃப்ட்டு காலு வூட்ல இருக்கிறதா நெனச்சுக்கங்க."

"நைனா ஓட்டட்டும்" என்றாள் சுஜா மெல்ல. மாமனாரிடம் பேசும்போது மாமா, அன்பரசனிடம் அவரைப் பற்றிப் பேசும்போது நைனா. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணின் வாயில் அந்தச் சொல் புதுச் சட்டை மாதிரி இருக்கும். அன்பரசன் அவளைப் பார்த்தான். பின் கதவைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டான்.

பொன்னுரங்கம் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் ஜன்னத். பின்னால் பவானி, சுஜா, அன்பரசன்.

"பெல்ட்டு போடு சுஜா" என்றான் அன்பரசன்.

"வயிறு அழுத்துதுங்க. பக்கந்தானே, வேண்டாம்."

வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை. டிரெய்லர் என்றால் உடம்பெல்லாம் உதறி, இருமி, காற்று ஏறி, பிறகுதான் நகரும். இது தொட்டில் மாதிரி போனது. முட்டியில் வலியே தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் திரும்பும்போது பழக்கத்தில் அகலமாக ஒடித்தார்.

"யோவ், பின்னாடி நாப்பதடி கன்டெய்னரா இஸ்துகினு வர?" என்றாள் பவானி.

எல்லோரும் சிரித்தார்கள். அன்பரசன்கூடச் சிரித்தான். ஒரு பக்கம் பாறைகளில் கடல் அடித்தது. இன்னொரு பக்கம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றிரண்டு டிரைவர்கள் அவரை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்கள். புது வண்டியில், குடும்பத்தோடு, ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நிறைவில்தான் கால் தன் இஷ்டத்துக்குப் போனது.

வரிசையிலிருந்து ஒரு டிரெய்லர் மூக்கை வெளியே நீட்டியது. வேகத்தைக் குறைக்க வேண்டும். டிரெய்லரில் அதற்கு ஒரு வழி உண்டு, இடது கால் கிளட்சைத் தேடிப் போய் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு மிதிக்கும். போனது. மிதித்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது.

வண்டி தரையில் ஆணி அடித்தாற்போல நின்றது.

பின்னால் வந்த லாரியின் காற்று பிரேக் சீறியது. ஹாரன் காதைக் கிழித்தது. ஜன்னத் "யா அல்லா" என்றாள். அதற்கும் மேல் ஒரு சத்தம் கேட்டது. முன் இருக்கையின் முதுகில் சுஜாவின் நெற்றி மோதிய சத்தம். பவானி குறுக்கே நீட்டிய கை வயிற்றைக் காத்தது, நெற்றியைக் காக்கவில்லை.

"சுஜா! சுஜா, இங்க பாரு. வயித்துல பட்டுச்சா? சொல்லு!" என்று கத்தினான் அன்பரசன்.

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

பொன்னுரங்கம் கண்ணாடியில் அதைப் பார்த்தார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எறங்கு நைனா."

"டேய், காலு தப்பா..."

"எறங்குன்றேன்ல! ஸ்டியரிங்க வுட்டு எறங்கு மொதல்ல!"

எத்தனையோ போலீஸ்காரர்கள் அவரை நிறுத்தியிருக்கிறார்கள், கேட்டில் காவலாளிகள் கத்தியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கை விட்டு இறங்கு என்று யாரும் சொன்னதில்லை. இறங்கினார். அன்பரசன் ஏறினான். ஆஸ்பத்திரிக்கு வண்டி பறந்தது. அவர் ஏறவில்லை, ஏறச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

தார் சுட்டபோதுதான் தெரிந்தது, காலில் செருப்பு இல்லை.

லாரி கேபினில் அவர் செருப்போடு ஏறியதே கிடையாது. சோறு தின்கிற இடம், தூங்குகிற இடம், சாமி படம் மாட்டியிருக்கிற இடம். கீழே கழற்றி விட்டுவிட்டு ஏறுவார், கிளீனர் லியாகத் அலி எடுத்து உள்ளே வைப்பார். கூடவே இருந்த லியாகத் அலி இப்போது பெரம்பூரில் சொந்த ஆட்டோ ஓட்டுகிறார். செருப்பு ஷோரூம் வாசலில் கிடந்தது.

எர்ணாவூர்ப் பக்கம் நடந்தார். நான்கு எட்டுக்கு ஒருமுறை முட்டி மடங்க மறுத்தது. பஞ்சர் கடை நிழலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது. பவானி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. எடுத்தால் அவள் ஏதாவது சொல்வாள். அது இன்ன சேதி என்று தெரியாதவரைக்கும் அந்தக் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. அவர் போனைத் தொடையில் கவிழ்த்து வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். கைக்குக் கீழே அது நடுங்கி நடுங்கி அடங்கியது.

நிழல் நகர்ந்து வெயில் காலுக்கு வந்தபோது நீல வண்டி எதிரே வந்து நின்றது. ஜன்னத் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் இறங்கியது பவானி.

"போனு எதுக்கு வெச்சுகினு கீற? முதுகு சொறியவா? ரோடு பூரா தேடிகினு வரோம். நீ எங்க போய் வுழுந்தியோன்னு உசுரு போய் உசுரு வர்து!"

"பவானி... கொழந்த..."

அவள் குரல் சட்டென்று தணிந்தது. "நல்லா கீதுய்யா. நல்லா கீது. மூஞ்ச தொட."

சுஜா கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

"பாப்பாவுக்கு ஒரு கேடும் இல்ல மாமா. துடிப்பக் கேக்க வச்சாங்க. குதிர ஓடுத மாதிரி கேக்குது."

பொன்னுரங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பஞ்சர் கடைக்காரர் எழுந்து அந்தப் பக்கம் போய், திருகாத ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

துண்டை எடுத்தபோது எதிரே சுஜா நின்றாள். கையில் ஒரு ஜோடி செருப்பு. அவருடையது.

"குனிய முடியாது மாமா" என்று சொல்லி, நின்ற இடத்திலிருந்தே அதைக் கீழே விட்டாள். ஒன்று நேராக விழுந்தது, இன்னொன்று கவிழ்ந்தது. "நீங்களே கால விடுங்க."

"நீ எதுக்கும்மா இதைப் போய்த் தூக்கிகினு..."

"என் செருப்ப எடுக்கப் போனேன். நீங்க கழத்தினீங்கள்லா? இந்த ஊர்ல புது வண்டில ஏறும்போ கழத்தணுமாக்கும்னு நெனச்சு நானும் கழத்தி விட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குள்ள வெறுங்காலோடதான் போனேன்."

"வாசல்ல ரெண்டு ஜோடி கெடந்துச்சு சார்" என்றாள் ஜன்னத். "உள்ள யாருனா பூஜை போடுறாங்களான்னு எங்க மேனேஜர் என்னைக் கேக்குறாரு."

பவானி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் எங்க?" என்றார் பொன்னுரங்கம்.

"ஷிப்டுக்குப் போய்ட்டான். ஆஸ்பத்திரி வாசல்லயே பஸ் ஏறிட்டான்."

டிரெய்லர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"மாமா, வண்டிய எடுங்க. ஷோரூம்ல விடணும்லா" என்றாள் சுஜா.

"அந்தப் பொண்ணு எடுக்கட்டும். நான் தொடமாட்டேன்."

"நீங்க எடுக்கணும்."

"வாணாம் சுஜா. என் காலை நானே நம்பமாட்டேன். உன் நெத்தியப் பாத்துகினே எப்டிம்மா... அவன் சொன்னதுதான் நியாயம். நான் பின்னாடி குந்திகினு வரேன்."

"அவரு மாசத்துல பாதி நாளு நைட் ஷிப்டாக்கும். எனக்கு வலி வாறது அவரு ஷிப்ட் பாத்தா வரும்? அத்தைக்கு ஓட்டத் தெரியாது. டாக்சி வராதுன்னு பாத்தாச்சு. இன்னொரு தடவ ஐஸ் பெட்டிக்கு நடுவுல என்னால போக முடியாது." குரல் லேசாக உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "வீட்ல இருக்கப்போறது நீங்கதான். அப்ப நீங்க ஓட்டுத வண்டிதான் எனக்கு வேணும். வெள்ளையா நீலமான்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல்ல. நான் சொல்லுதேன். நீலம்."

பவானி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டுச்சா? ஏறுய்யா."

அவர் ஏறினார். இந்த முறை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, இருக்கைக்கு அடியில் வைத்தார். பின்னால் சுஜா அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள். நர்ஸ் சொல்லித்தந்தபடி பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டாள். அந்தக் கொக்கி மாட்டிய சத்தத்தை அவர் கேட்டார்.

"சார், லெஃப்ட்டு கால அந்தப் பக்கம் மேடா கீதே, அதுமேல வெச்சுக்கங்க" என்றாள் ஜன்னத். "அத்த அங்கயே தூங்க வுட்டுருங்க."

வைத்தார். ஆனால் அது தூங்கவில்லை. முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. கால் எழும்பியது. எழும்பியதும் முட்டியில் சுருக்கென்று அந்த மணல் அரைபட்டது. வலி வந்த பிறகுதான் கால் கிளம்பிவிட்டது அவருக்கே தெரிந்தது. இறக்கினார். வலது காலால் மெல்ல அழுத்தினார். வண்டி பூப்போல நின்றது. சைக்கிள்காரன் போனான்.

"இன்னாய்யா?"

"ஒண்ணுமில்ல. வலிச்சா, காலு கெளம்பிருச்சுன்னு அர்த்தம்."

"அடப்பாவி. அப்ப முட்டிக்கு வைத்தியமே வாணாமா?"

அடுத்த வேகத்தடையிலும் கால் எழும்பியது. பாதியிலேயே நின்றது. ஷோரூம் வருகிற வரைக்கும் அவர் வியர்த்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, லைசென்சுக்கு எட்டு போடுகிறவன் மாதிரி ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தபோது சுஜா தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எந்த ஆர்டிஓவும் அவருக்குக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பவானி சுஜாவின் நெற்றிக்கு ஒத்தடம் கொடுத்தாள். பொன்னுரங்கம் வாசற்படியில் உட்கார்ந்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்வையால் தெருவை அளந்துகொண்டிருந்தார். கம்பத்தை ஒட்டி நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரன் பைக் எடுக்க இடம் இருக்கும். நீலம் சின்னதுதான், திரும்பும்.

பவானியின் போன் அடித்தது. அன்பரசன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, சுஜா எப்படி கீறா?"

"கஞ்சி குடிச்சா. நல்லா கீறா. நீ துன்னியா?"

"ம். யம்மா, பஸ்ல வந்துகினே வெள்ளை வண்டிக்கு புக்கிங் போட்டுட்டேன். நைனாகிட்ட நீயே சொல்லிடு. இனிமே அது ஸ்டியரிங்கத் தொட வாணாம். எனக்குத் தாங்காது."

பின்னால் கிரேன் இரைச்சல். இணைப்பு அறுந்தது. பவானி ஒத்தடத் துணியைக் கையில் வைத்தபடி வாசலைப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பொன்னுரங்கம் எழுந்து உள்ளே வந்தார். சுஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் இப்போது ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. அவர் எதிரே நின்றார். பஞ்சர் கடையிலிருந்தே அந்த ஒரு வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. எந்தக் கியர் போட்டாலும் நகரவில்லை.

"சுஜா."

"என்ன மாமா?"

"அது வந்து... ஃபேன் வேகமா வெக்கட்டா?"

"போதும் மாமா."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வந்து படியில் உட்கார்ந்தார். அவர் செருப்பும் அவள் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கவிழ்ந்திருந்த அவள் செருப்பை நிமிர்த்தி, கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்தார்.

மகனிடம் பேசிக்கொள்ளலாம். வெள்ளையா நீலமா என்று அவன் வந்ததும் மல்லுக்கட்டலாம். அதற்கெல்லாம் வாய் இருக்கிறது. நெற்றி வீங்க அடிபட்டும், அதே இருக்கையில் திரும்ப ஏறி உட்கார்ந்து தூங்கிப்போன அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்றைக்கு வாய் வரவில்லை. சுஜாவுக்கு அவர் ஒரு மன்னிப்பு பாக்கி.